ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரை

பத்மநாதன் மாமா பதினான்கு வருடங்களாக ஓட்டிய வண்டி மணிக்கு ஒன்பது மைலுக்கு மேல் போகாது. கிழக்கு லண்டனின் ஓரத்தில் இருந்த ஓர் ஐஸ் ரிங்கில் அவருக்கு வேலை. சறுக்குகிறவர்கள் கீறிப் போட்ட ஐஸின் மேல்தோலை அந்த வண்டி மெல்லியதாகச் சீவி எடுக்கும். பின்பக்கத்தால் சுடுதண்ணீரைப் படலமாக விட்டுக்கொண்டு போகும். பச்சைத் தண்ணீரைவிடச் சுடுதண்ணீர்தான் பழைய ஐஸோடு நன்றாக ஒட்டும் என்பார். ஓரத்தில் தொடங்கி, வளையம் வளையமாக உள்ளே வந்து, நடுவில் ஒரு கீறல்கூட விடாமல் முடிப்பார். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவர். கோணல் அவருக்குப் பிடிக்காது.

அவர் என் அம்மாவின் அண்ணன். பிளேஸ்டோவில் ஒரே வீட்டில் இருந்தோம். கீழே மாமா குடும்பம், மேலே அம்மாவும் நானும். மாமா 1985இல் வந்தார். அடுத்த வருடம் தவமலர் மாமியும் இளையவன் ஸ்ரீஸ்கந்தராஜாவும் வந்து சேர்ந்தார்கள். மூத்தவன் பாஸ்கரன் ஏ லெவல் சோதனை எடுத்துவிட்டு வருவதாக யாழ்ப்பாணத்திலேயே நின்றான். சோதனை எடுத்து முடிவதற்குள் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. தகப்பனில் தங்கி வாழும் பிள்ளை என்று அவனைக் காட்ட முடியாது என்று விசாவை மறுத்துவிட்டார்கள். சோதனை எடுக்கச் சொன்னவர் மாமா. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஸ்ரீ ஐஸ் ஹொக்கிக்கு வந்தது குளிரால். பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனின் ஷிப்ட் முடியும்வரை ரிங்கின் வாங்கில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு இருப்பான். சிறுவர் அணியின் பயிற்சியாளர் டெரிக் ஒருநாள், சும்மா இருக்கிற நேரம் வந்து கோலுக்குள் நில் என்றாராம். சறுக்கத் தெரியாத பொடியனைத்தான் முதலில் அங்கே நிறுத்துவார்கள். பந்துக்குப் பதிலாக அடிக்கும் கறுத்த றப்பர் வில்லை ஒன்று காற்றில் வந்தது. ஸ்ரீ இடக்கையால் எட்டிப் பிடித்தான். டெரிக் இன்னொன்றை அடித்தார். அதையும் பிடித்தான். ஊரில் பாஸ்கரன் கிரிக்கெட் பந்தை வீசி வீசிப் பழக்கிய கை அது. வலக்கைக்கு எறிந்தால் சுகம் என்று எப்போதும் இடக்கைக்கே எறிவானாம்.

ஐந்து வருடத்தில், பதினாறு வயதுக்கு உட்பட்டோர் அணியில் கோல் காக்கும் கோலி ஸ்ரீதான். காலில் கட்டும் தடித்த மெத்தைகள் பழையவை. மாமி தையல் மெஷினில் மூன்று தரம் பொருத்தித் தைத்திருந்தார். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரு பகிடி இருந்தது. புது ஐஸ் வழுக்கும். அதனால் ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றும் தொடங்குமுன் கோலி தான் நிற்கும் இடத்தைச் சப்பாத்தின் அலகால் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். மாமா கண்ணாடிபோல் இழைத்துவிட்டுப் போக, ஸ்ரீ போய்ச் சுரண்டுவான்.

"அப்பா, உங்கடை வேலையை நான் பழுதாக்கிப்போட்டன்."

"ஆக்கு, ஆக்கு. எங்கை ஓடப்போறாய்? அரை மணித்தியாலத்திலை திரும்ப வருவன்."

1991 ஏப்ரலில் இளையோர் பிளேஓஃப் எங்கள் ரிங்கில் நடப்பதாக இருந்தது. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு இறுதி. கனடாவில் ஓர் இளையோர் அணிக்கு ஆள் தேடும் ஒருவர், டெரிக்கின் பழைய சிநேகிதர், அந்த வாரம் லண்டனில் நின்றார். ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தார். டெரிக் மாமாவிடம் வந்து விளக்கினார்: கோலிகள் பிந்திப் பழுக்கிறவர்கள், இருபது வயதுக்கு முன் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, நூறு பேரில் ஒருவன்கூட மேலே போவதில்லை, ஆனால் ஓகஸ்டில் அங்கே ஒரு தேர்வு முகாம் இருக்கிறது, ஒரு நல்ல மட்ச் போதும், கூப்பிடுவார்கள். மாமா இதைப் பேருந்தில் வரும்போது என்னிடம் அப்படியே ஒப்புவித்தார். நூறில் ஒன்று என்பதை மட்டும் பத்தில் ஒன்று என்று மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபோன் அடித்தது. ஃபோன் கீழே நடையில், படிக்கட்டின் அடியில் இருந்தது. நான் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினைந்து வயது. மாமி வேலை முடிந்து இன்னும் வரவில்லை. மாமா எடுத்தார். கொழும்பிலிருந்து ஒரு உறவினர்.

"எப்ப?" என்றார். பிறகு, "ஆள் மாறேல்லையே?" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி. வைக்கிறன்."

வைத்துவிட்டு, ரிசீவரைச் சட்டை நுனியால் துடைத்தார். திரும்பியபோது என்னைக் கண்டார். வந்து இரண்டு படி கீழே, எனக்கு முதுகு காட்டி இருந்தார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற இடத்தில் விமானம் குண்டு போட்டிருக்கிறது. ஒன்பது பேர். அதில் பாஸ்கரன் ஒருவன். அன்றே எரித்துவிட்டார்கள். பாதை பூட்டு, தபால் இல்லை. யாரோ ஒருவர் வவுனியா தாண்டி வந்து சொல்லும்வரை கொழும்புக்கே தெரியவில்லை. இவ்வளவையும் வேலை ஒழுங்கு சொல்வதுபோல் சொன்னார்.

"பன்னெண்டு நாள் பிந்தி வந்த செய்தி, பிள்ளை. இந்தப் பன்னெண்டு நாளும் நாங்கள் தின்னேல்லையோ? சிரிக்கேல்லையோ? இன்னும் ரெண்டு நாள் பிந்தட்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்ச் முடிஞ்சிடும். முடிஞ்ச உடனை நானே சொல்லுவன்."

மாமிக்குச் சொல்ல வேண்டாமோ என்று கேட்டேன்.

"அவளுக்குச் சொன்னால் அவனுக்குத் தெரியாமல் இருக்குமோ? நீ ஒண்டும் கேக்கேல்லை. என்ன?"

நான் தலையாட்டினேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சோதனைக்குப் போகிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்லாமல் வைப்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைப் பிழை என்று யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் தபாலில் பாஸ்கரனின் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தியது; யாரோ கையில் கொழும்புக்குக் கொண்டுவந்து தபாலில் போட்டது. மாமி குசினியில் நின்று உரக்க வாசித்தார். நுளம்பு, விலைவாசி, ஒரு சிநேகிதனின் கலியாணம். கடைசியில் தம்பிக்கு: "படம் கிடைச்சது. முகமூடியோடை நிண்டால் நீயெண்டு நான் எப்படி நம்புறது? கெலிச்சால் முகத்தைக் காட்டி ஒரு படம் எடுத்து அனுப்பு." ஸ்ரீ சிரித்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பையில் வைத்தான். மாமா பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தார். பூசிய துண்டின் மேலேயே மறுபடி பூசினார். அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சொல்லப்போகிறார் என்று நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாணை இரண்டாக வெட்டி மகனின் தட்டில் வைத்தார்.

அரையிறுதியில் மற்ற அணியின் ஆட்கள் கோலுக்குப் பின்னால் நின்று, ஆசியர் என்றாலே மூலைக்கடைக்காரர்தான் என்ற நக்கலில், மூலைக்கடை எப்போதும் திறந்துதான் இருக்கும், உள்ளே அடியுங்கள் என்று கத்தினார்கள். ஸ்ரீ முப்பத்திரண்டு அடிகளில் ஒன்றைத்தான் உள்ளே விட்டான். முடிந்ததும் அவர்களைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையும் கடை பூட்டுத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னான். டெரிக் சிரித்துச் சிரித்து இருமினார்.

ஞாயிறு காலை மாமி கோயிலுக்கு வெளிக்கிட்டார். இதை மாமா யோசித்திருக்கவில்லை. சாவு நடந்த குடும்பத்துக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. மாமி தலைக்கு முழுகி, பூ வைத்து, தேங்காய் பழத்தோடு தட்டை எடுத்து என் கையில் தந்தார். மாமா தடுக்கக் காரணம் தேடினார். மழை வரும் என்றார், நேரம் காணாது என்றார். மாமி, இவ்வளவு பெரிய நாளிலே அர்ச்சனை செய்யாமல் எப்படி என்றார். கடைசியில் மூவரும் ஈஸ்ட் ஹாமுக்குப் போனோம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டையே கோயிலாக்கி வைத்திருந்தார்கள். மாமா உள்ளே வரவில்லை. சப்பாத்துக் கழற்றக் கஷ்டம் என்று சொல்லிவிட்டு நடைபாதையில் நின்றார்.

உள்ளே ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"ஸ்ரீஸ்கந்தராஜா, பூசம்" என்றார் மாமி. "மற்றது, பாஸ்கரன், அனுஷம்."

எங்களுக்குப் பக்கத்தில் சிவனேஸ்வரி அன்ரி நின்றார். எங்கள் ஊர்க்காரி, ஹை ஸ்ட்ரீட்டில் சாரிக்கடை வைத்திருந்தவர். அவருக்கும் கொழும்பில் ஆட்கள் இருந்தார்கள். பாஸ்கரன் என்ற பெயர் காதில் விழுந்ததும் அவர் திரும்பி மாமியின் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். ஐயர் இரண்டு பெயரையும் நட்சத்திரத்தோடு சொல்லிப் பூப் போட்டார்.

அன்ரி எங்களுக்கு முன்னால் வெளியே போய்விட்டார். நான் வாசலுக்கு வந்தபோது அவர் மாமாவுக்கு முன்னால் நின்றார்.

"அண்ணை, என்ன வேலை இது? பெத்தவள் பூ வைச்சுக்கொண்டு செத்த பிள்ளைக்கு அர்ச்சனை செய்யிறாள்."

"நாலு மணி மட்டும் பொறும், தங்கச்சி. காலைப் பிடிச்சுக் கேக்கிறன்."

"அதுக்குப் பிறகு எங்கை வைச்சுச் சொல்லப் போறியள்? அந்த வெள்ளைக்காரருக்கு நடுவிலையோ? அவளைப் பிடிக்க ஒரு பொம்பிளை வேண்டாமோ?"

மாமி பின்னால் வந்து, இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டு, எட்டி அவர் நெற்றியில் திருநீறு பூசினார். அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார்.

இரண்டு மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கியது. முதல் பகுதி பாதியில் மேல் கதவு திறந்து எங்கள் ஆட்கள் வந்தார்கள். பதினேழு பேர், நான் எண்ணினேன். கறுத்தக் கோட்டுகள், சேலைக்கு மேல் கம்பளி. அந்த ரிங்கில் அதுவரை மாமி, அம்மா, என்னைத் தவிர ஒரு தமிழரும் வந்து இருந்ததில்லை. மாமியைச் சுற்றி இருந்தார்கள். சிவனேஸ்வரி அன்ரி மாமியின் பக்கத்தில் இருந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தக் கோல் எங்களுடையது, எது வெளியே போனது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஸ்ரீயும் கண்டான். முகமூடிக்குள்ளால் அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் ஆடியதைப் போல் ஓர் ஆட்டத்தை நான் எந்த நாட்டிலும் காணவில்லை. விழுந்து எழும்பினான், காலை நீட்டி மறித்தான், மூன்று பேர் தனியே வந்தபோது கோலைவிட்டு முன்னால் சறுக்கிப் போய் இடக்கையால் பறித்தான். கனடாக்காரர் கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

இரண்டு இடைவேளைகளிலும் மாமா வண்டியோடு வந்தார். ஓரத்தில் தொடங்கி, வளையம் வளையமாக. வெளிச்சம் முழுக்க அவர்மேல். பதினேழு பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருமுறையும் நிமிரவில்லை. இரண்டாவது தரம் முடித்துப் போன பிறகு, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு இழைக்காத கோடு ஒன்று கிடந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஸ்ரீ வழக்கம்போல் வந்து தன் இடத்தைச் சுரண்டினான்.

இரண்டுக்கு ஒன்று என்று எங்கள் அணி வென்றது. பொடியள் ஸ்ரீயின்மேல் விழுந்து குவிந்தார்கள். அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கள் பக்கக் கண்ணாடிவரை சறுக்கி வந்தான். வியர்வை வழிந்த முகம். மட்டையைத் தலைக்குமேல் உயர்த்தினான். அது எங்கள் ஆட்களுக்கு.

அவர்கள் எழுந்து நின்றார்கள். கைகளைத் தொங்கவிட்டபடி, ஒரு சத்தமும் இல்லாமல்.

"ஏன் சும்மா நிக்கிறியள்?" என்றார் மாமி, கைதட்டிக்கொண்டே. "பிள்ளை பாக்கிறான். தட்டுங்கோவன்."

சிலர் தட்டினார்கள். ஸ்ரீ மட்டையைத் தாழ்த்தவில்லை; சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ரிங்கின் பின்கதவுக்கு வெளியே, வண்டி சீவி எடுத்த ஐஸைக் கொட்டும் அழுக்குக் குவியல் ஒன்று எப்போதும் இருக்கும். கோடையிலும் முழுதாக உருகாது. நாலு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்க, மாமா மனைவியையும் மகனையும் அங்கே கூப்பிட்டுச் சொன்னார். ஸ்ரீ கால் மெத்தைகளோடு அப்படியே நின்றான். என்னோடு கூடவே வந்த சிவனேஸ்வரி அன்ரி மாமியைப் பின்னால் பிடித்துக்கொண்டார். மாமி கத்தவில்லை.

"நான் காலமை அவன்ரை பேருக்கு அர்ச்சனை செய்தனான்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஸ்ரீ கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

என் பக்கம் திரும்பினான். "உனக்கு?"

நானும் வெள்ளிக்கிழமை என்றேன். அவன் பின்கதவடியில் வந்து நின்ற கறுத்தக் கோட்டுகளைப் பார்த்தான். அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

யூனில் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. ஓகஸ்ட் முகாமுக்கு ஸ்ரீ போகவில்லை; செப்டெம்பரில் டெரிக் வீடு தேடி வந்து கேட்டதால் மறுபடி கோலுக்குள் போய் நின்றான். ஆனால் அவன் கண் வில்லையில் நிற்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் அண்ணாந்து இருக்கைகளைப் பார்ப்பான். யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவான். ஒரு சனிக்கிழமை, சறுக்க வந்த ஓர் இந்தியக் குடும்பம் நேரம் போக்குவதற்காக மேலே இருந்தது. அவர்களைக் கண்டதும் ஸ்ரீ கோலைவிட்டு வெளியேறி, நேரே தடுப்புக்கு வந்து, வீட்டிலிருந்து ஏதும் செய்தியோ என்று கேட்டான். அவன் பின்னால் வில்லை வெறும் கோலுக்குள் போனது. மார்கழியில், நத்தாருக்கு முன், டெரிக் மற்றக் கோலியை நிறுத்தினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது என்று மாமா சொன்னார்.

மாமாவின்மேல் ஊர் இரண்டு பட்டது. பிள்ளையின் நன்மைக்குத்தானே என்றார்கள் பாதிப் பேர். மாமி எந்தப் பாதியோடும் சேரவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், அவ்வளவுதான். ஸ்ரீ வட லண்டனில், எட்மண்டன் என்ற இடத்தில், ஒரு பார்சல் கிடங்கில் வேலை எடுத்து, அங்கேயே அறை பிடித்தான். தகப்பனோடு கோபமென்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை ஃபோன் எடுப்பான். ஹலோவுக்குப் பதில் அவன் முதலில் கேட்பது, "எல்லாரும் இருக்கினமோ?" ஓம் என்று மாமா சொல்வார். அவன் அதை நம்பாமல் மாமியிடம் கொடுக்கச் சொல்லி மறுபடி கேட்பான்.

ஒருமுறை, நான் நாட்டை விட்டுப் போகும் முன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மாமாவைக் கேட்டேன். மகனுக்காக என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் கையுறையின் விரல்களை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சோதனை எடுத்திட்டு வா எண்டு அவனை விட்டிட்டு வந்தது நான். அதாலை ஒருத்தன் போனான். மற்றவனையாவது ஓரிடத்திலை ஏத்திப்போட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன்." பிறகு, "சொல்லாமல் இருந்த ரெண்டு நாளும் வீட்டிலை பாஸ்கரன்ரை கதை நடந்ததெல்லோ" என்றார்.

நாலு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு இந்த மாசியில் திரும்பி வந்தேன். அதற்குள் ஸ்ரீ கலியாணம் கட்டியிருந்தான். மாமா மெலிந்திருந்தார். மார்கழியிலிருந்து இருமல்; மாமி ஓயாமல் சொல்லியும் வைத்தியரிடம் போகாமல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பங்குனியில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட நாள், மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை என்றாலும், என்னைக் கூட்டிப் போனார். இளம் டொக்டர் பெண், வத்சலா என்று பெயர் அட்டை குத்தியிருந்தார், தமிழ்நாட்டுக்காரர். ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறி, மெதுவாகச் சொன்னார். இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது. மாதக் கணக்குத்தான். வீட்டில் யாருக்கு முதலில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார்.

மாமா எழுந்துவிட்டார். சட்டையின் மேல் பொத்தான்கள் பூட்டாமலே இருந்தன. வெளியே வந்து, நடையின் கோடியில் சில்லறை போடும் ஃபோனைக் கண்டு அதை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வீட்டுக்குப் போய், ஆறுதலாக, மாமியையும் வைத்துக்கொண்டு யோசித்துச் சொல்லலாமே என்று சொன்னேன். ஸ்ரீயின் மனைவிக்கு அது எட்டாம் மாதம். குழந்தை பிறக்கட்டும் என்றும் சொன்னேன்.

அப்படிச் சொன்னது நான். என் வாயிலிருந்துதான் அது வந்தது.

மாமா என்னைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். கிடங்கில் ஸ்ரீயை லைனுக்குக் கூப்பிடச் சில நிமிடம் ஆயிற்று.

"எல்லாரும் இருக்கினமோ?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"இப்ப இருக்கிறம்" என்றார் மாமா. டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். எதையும் பத்தில் ஒன்றாக மாற்றவில்லை.

அந்தப் பக்கம் கிடங்கின் வண்டிகள் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஸ்ரீ, "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"பதினொண்டு இருவதுக்குச் சொன்னவை."

"இப்ப நேரம் என்ன?"

"பதினொண்டரை."

சில்லறை முடியும் பீப் சத்தம் கேட்கத் தொடங்கியது. மாமா சட்டைப் பையைத் தடவினார், நாணயம் இல்லை. நான் என் பையைக் கொட்டித் தேடுவதற்குள், நிக்கிற இடத்திலேயே நில்லுங்கோ, வாறன் என்று அவன் சொல்ல, லைன் அறுந்தது. மாமா ரிசீவரைச் சட்டை நுனியால் துடைத்து வைத்தார். வாங்கு பக்கத்திலேயே இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. எட்மண்டனிலிருந்து அவன் வந்து சேரும்வரை, ஃபோனுக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே நின்றார்.